உப்பு உருகாது, சர்க்கரை உருகும்: பிணைப்பிலிருந்து மோல் கணக்கு வரை

அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் இளகி, பழுப்பாகி, பாகாகிவிடும். அதே கல்லில் கல்லுப்பைப் போட்டால் உள்ளே சிக்கியிருக்கும் ஈரம் வெளியேறும்போது பட்பட்டென்று தெறிக்கும், அவ்வளவுதான், எவ்வளவு நேரம் வைத்தாலும் உப்பு உப்பாகவே இருக்கும். (செய்து பார்ப்பதானால் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உப்புத் தெறிப்பு கண்ணில் பட்டால் ஆபத்து.) சர்க்கரை சுமார் 186 டிகிரி செல்சியஸில் உருகி, அப்போதே சிதையவும் தொடங்குகிறது. உப்புக்கு 801 டிகிரி வேண்டும். இரண்டும் வெள்ளைப் படிகம், இரண்டும் தண்ணீரில் கரையும், பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் வேதிப்பிணைப்பு, பொருள்களின் அமைப்பு, மோல் கணக்கு என்று பாடப்புத்தகத்தில் தனித்தனியாக இருக்கும் பாடங்களில் பாதி முடிந்த மாதிரி. பிணைப்பை மனப்பாடப் பகுதியாகவும் மோலைச் சூத்திரப் பகுதியாகவும் பிரித்துப் படிக்கிற மாணவர்கள்தான் பெரும்பாலும் இரண்டிலும் தடுமாறுகிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கும்போது எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்வேன்: இந்தப் பொருளுக்குள் இருக்கும் துகள் எது? தனி அணுவா, அணுக்கள் சேர்ந்த மூலக்கூறா, மின்சுமை ஏறிய அயனியா? கடைசி வரிவரை இந்தக் கேள்வியை விடப்போவதில்லை.

இலங்கையில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் எலக்ட்ரான் என்று சொல்வது உங்கள் இலத்திரன், சகப்பிணைப்பு என்பது பங்கீட்டுவலுப் பிணைப்பு, மோல் என்பது மூல். சமன்பாடுகளையும் குறியீடுகள் இல்லாமல் பெயராலேயே எழுதியிருக்கிறேன். ஒரு சமன்பாட்டை வாக்கியமாகச் சொல்லத் தெரிந்த பிறகு குறியீட்டில் எழுதுவது ரொம்பச் சுலபம், நோட்டில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

முதல் படி: வெளிக்கூட்டைப் பாருங்கள்

அணுவில் எலக்ட்ரான்கள் கூடு கூடாக அடுக்கியிருக்கும், கீழே வரும் எண்கள் உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கூட்டிலும் எத்தனை எலக்ட்ரான் என்பதைச் சொல்கின்றன. உள்கூடுகளுக்குப் பிணைப்பில் பெரிதாக வேலை இல்லை. சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. கார்பன் 2, 4. ஆக்சிஜன் 2, 6. ஒவ்வொன்றிலும் கடைசி எண்தான் நமக்கு வேண்டியது. முதல் இருபது தனிமங்களுக்கு இதைப் பார்க்காமல் எழுதும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம், ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் நிலைப்புத்தன்மை அதிகம் என்பது எண்ம விதி. கில்பர்ட் லூயிஸ் 1916-இல் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து வரையும் முறையை வெளியிட்டார், இன்றும் வகுப்பில் அதைத்தான் வரைகிறோம்.

இரண்டாம் படி: யார் இழுக்கிறார்கள்?

‘சோடியம் ஒரு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க ஆசைப்படுகிறது’ என்று பல கைடுகளில் இருக்கும். தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். ஒரு மோல் (துகள்களை எண்ணும் ஓர் அளவு, ஐந்தாம் படியில் பார்ப்போம்) சோடியம் அணுக்களிடமிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் ஆற்றல் செலவழிக்க வேண்டும். குளோரின் அணுக்கள் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும்போது 349 கிலோஜூல்தான் திரும்பக் கிடைக்கிறது. ஆக இதுவரை 147 கிலோஜூல் நஷ்டம். இந்த இடத்திலேயே கதை முடிந்தால் உலகத்தில் உப்பே இருக்காது. ஆனால் உருவான நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் ஒன்றையொன்று ஈர்த்து, நெருங்கி, படிகமாக அடுக்கும்போது 787 கிலோஜூல் வெளியேறுகிறது. நஷ்டம் போய்ப் பல மடங்கு லாபம். ஆக உப்பை உப்பாக வைத்திருப்பது எட்டு என்ற எண் மேல் உள்ள ஆசை இல்லை, எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு. எண்ம விதி எந்த அயனி உருவாகும் என்று ஊகிக்க உதவும், ஏன் உருவாகிறது என்று சொல்லாது. இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

எந்த அணு எலக்ட்ரானை எவ்வளவு வலுவாக இழுக்கும் என்பதற்கு லைனஸ் பாலிங் ஓர் அளவுகோல் கொடுத்தார், அதுதான் எலக்ட்ரான் கவர்தன்மை. ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93. சேரும் இரண்டு அணுக்களின் மதிப்புகளைக் கழித்துப் பாருங்கள். சோடியத்துக்கும் குளோரினுக்கும் வித்தியாசம் 2.23, பெரிய இடைவெளி, எலக்ட்ரான் ஒரு பக்கமாகவே போய்விடும், அயனிப் பிணைப்பு. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 0.35, இரண்டும் ஏறக்குறையச் சமபலம், எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொள்ளும், சகப்பிணைப்பு. இடையில் இருந்தால் பங்குபோட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அது முனைவுள்ள சகப்பிணைப்பு.

வித்தியாசம் 1.7-க்கு மேல் போனால் அயனிப் பிணைப்பு என்று ஒரு குத்துமதிப்பான கோடு போடுவார்கள். அதை வேதவாக்காக எடுக்கவேண்டாம். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78, ஆனாலும் அது தனித்தனி மூலக்கூறுகளால் ஆன பொருள்தான், 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே கொதித்துவிடும்.

மூன்றாம் படி: புள்ளி வரைவதற்கு ஒரு கணக்கு

சகப்பிணைப்பில் எத்தனை பிணைப்பு வரும் என்று தடவித் தடவிப் பார்ப்பதைவிட இந்த வழி நல்லது. மூலக்கூறில் உள்ள எல்லா அணுக்களுக்கும் தேவையான எலக்ட்ரான்களைக் கூட்டுங்கள் (ஹைட்ரஜனுக்கு 2, மற்றவற்றுக்கு 8). கையில் இருக்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் கூட்டுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டால் வகுத்தால் பிணைப்புகளின் எண்ணிக்கை.

கார்பன் டை ஆக்சைடில் மூன்று அணுக்கள், தேவை 24. இருப்பது 4 + 6 + 6 = 16. பற்றாக்குறை 8, இரண்டால் வகுத்தால் 4 பிணைப்புகள். கார்பனுக்கு இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு என்று உடனே தெரிந்துவிடுகிறது. நைட்ரஜன் மூலக்கூறில் தேவை 16, இருப்பது 10, பற்றாக்குறை 6, மூன்று பிணைப்புகள். தண்ணீருக்குத் தேவை 8 + 2 + 2 = 12, இருப்பது 8, ஆக 2 பிணைப்புகள். இந்த இரண்டு பிணைப்புக்கும் 4 எலக்ட்ரான் போனது போக மீதி 4 இருக்கிறதே, அவை ஆக்சிஜன் மேலேயே இரண்டு தனித்த இணைகளாக உட்கார்ந்திருக்கும். இவற்றை வரையாமல் விட்டால் தண்ணீரின் வடிவம் புரியாது, அதனால் எப்போதும் வரையுங்கள்.

எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று விலக்கும், முடிந்தவரை தள்ளித் தள்ளி இருக்கப் பார்க்கும், மூலக்கூறின் வடிவம் இதிலிருந்துதான் வருகிறது. மீத்தேனில் நான்கு இணைகளும் பிணைப்பில் இருப்பதால் கோணம் 109.5 டிகிரி. அம்மோனியாவில் ஒன்று தனித்த இணை, அது கொஞ்சம் அதிக இடம் பிடிக்கும், கோணம் 107. தண்ணீரில் இரண்டு தனித்த இணைகள், கோணம் 104.5. கார்பன் டை ஆக்சைடில் கார்பன் மேல் தனித்த இணையே இல்லை, மூலக்கூறு நேர்கோடு, அதனால் அதன் பிணைப்புகள் முனைவுள்ளவையாக இருந்தும் இரண்டு பக்கத்து இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். தண்ணீர் வளைந்திருப்பதால் அப்படி ஈடாகாது.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறுதான், கந்தக ஹெக்சாஃபுளூரைடில் கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு. எதோடும் சேராது என்று நம்பியிருந்த மந்த வாயுவான செனானைக்கூட 1962-இல் நீல் பார்ட்லெட் சேர்மமாக்கிக் காட்டினார்.

உலோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்பு, அலுமினியம் இவற்றில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் முழுத் துண்டிலும் அலைகின்றன, நேர்மின் அயனிகள் அவற்றுக்கு நடுவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. மின்சாரம் பாய்வதும் இதனால்தான், சுத்தியலால் அடித்தால் உடையாமல் தகடாவதும் இதனால்தான். உப்புப் படிகத்தை அடித்தால் ஓர் அடுக்கு நகரும், நேர்மின் அயனிக்கு நேராக நேர்மின் அயனி வந்து நிற்கும், விலக்கிக்கொண்டு படிகம் பிளந்துவிடும்.

நான்காம் படி: உருகும்போது எது அறுகிறது?

இங்கேதான் மாணவர்கள் அதிகமாக மதிப்பெண் இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

உப்புப் படிகத்துக்குள் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், இப்படியே படிகத்தின் விளிம்புவரை. 1913-இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களை வைத்து இந்த அமைப்பைக் கண்டுபிடித்தார், தந்தையோடு சேர்ந்து 1915-இல் நோபல் பரிசு பெற்றபோது லாரன்ஸுக்கு வயது 25. உப்பை உருக்க வேண்டுமானால் இந்த ஆறு பக்கத்துப் பிடிப்பையும் தளர்த்த வேண்டும், அதற்குத்தான் 801 டிகிரி. மெக்னீசியம் ஆக்சைடில் அயனிகளின் மின்சுமை இரண்டிரண்டு, பிடிப்பு இன்னும் பலம், அது உருகச் சுமார் 2850 டிகிரி ஆகும், அதனால்தான் உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சர்க்கரையில் துகள் மூலக்கூறு. ஒரு மூலக்கூறுக்குள் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் வலுவான சகப்பிணைப்புகளால் கட்டப்பட்டிருக்கின்றன, ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே இருக்கும் ஈர்ப்பு அவ்வளவு பலமில்லை. உருகுவதற்கு அந்தப் பலவீனமான ஈர்ப்பைத் தாண்டினால் போதும். நாப்தலீன் அந்துருண்டையில் இந்த ஈர்ப்பு இன்னும் பலவீனம், அதனால் அது பீரோவுக்குள் உருகக்கூட இல்லாமல் ஆவியாகிக் கரைந்துபோகிறது. இரண்டு பொருள்களிலும் சகப்பிணைப்பு பலவீனமானது என்று எழுதிவிடாதீர்கள். பலவீனமாக இருப்பது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசை.

தண்ணீர் கொதிக்கும்போதும் இதே கதை. ஒரு மோல் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் போதும். அதே ஒரு மோலில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை முழுவதும் அறுக்கவோ 900 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். கொதிக்கும்போது பிணைப்பு அறுந்தால் இட்லிக் குண்டானிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்லவா வரவேண்டும்? வருவது நீராவி. அங்கே அறுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு, ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனில் உள்ள தனித்த இணை இழுப்பதால் வருவது. தனிம அட்டவணையில் ஆக்சிஜனின் தொகுதியையே சேர்ந்த கந்தகத்தின் ஹைட்ரைடில் (ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மத்தில்) இந்த ஈர்ப்பு பெயரளவுக்குத்தான், அது கழித்தல் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீருக்கு 100. உறையும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் மூலக்கூறுகளை இடைவெளி விட்டு நிறுத்துவதால்தான் பனிக்கட்டி மிதக்கிறது, ஃப்ரீசரில் முழுக்க நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டிலும் விரிசல் விடுகிறது.

சகப்பிணைப்புதான், ஆனால் மூலக்கூறு இல்லை என்ற வகையும் உண்டு. வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு, அவை ஒவ்வொன்றும் மேலும் நான்கோடு, முழுக் கல்லுமே ஒரே வலை. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்றோடுதான், தட்டுத் தட்டாக அடுக்கு, தட்டுகளுக்கு இடையே பலவீனமான ஈர்ப்பு, அதனால் பென்சிலை அழுத்தினால் அடுக்கு வழுக்கித் தாளில் ஒட்டும், நான்காவது எலக்ட்ரான் தட்டுக்குள் அலைவதால் மின்சாரமும் கடத்தும். மணலில் இருக்கும் சிலிக்கன் டை ஆக்சைடும் இப்படி ஒரு வலைதான், உருகச் சுமார் 1700 டிகிரி. சிலிக்கனின் தொகுதியையே சேர்ந்த கார்பனின் டை ஆக்சைடு அறைச் சூட்டில் வாயு. எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றில் துகள் மூலக்கூறு, இன்னொன்றில் முடிவில்லாத வலை. பெயரையும் வாய்பாட்டையும் மட்டும் பார்த்துப் பண்பைச் சொல்ல முயன்றால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

ஐந்தாம் படி: எண்ணத் தொடங்குவோம்

துகள் எது என்று தெரிந்துவிட்டது, இனி எத்தனை துகள்? ஒவ்வொன்றாக எண்ண முடியாது, அதனால் எடைபோட்டு எண்ணுகிறோம். பூக்காரம்மா முழம் என்று அளப்பதுபோல வேதியியலுக்கு ஓர் அளவு மோல், அதில் 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் இந்த எண்ணே மோலின் வரையறை. அவகாட்ரோ 1811-இல் சொன்னது ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்பதை மட்டும்தான், இந்த எண் அவருக்குத் தெரியாது. பிறகு 1909-இல் ஜான் பெர்ரின் அவர் பெயரை அதற்கு வைத்தார்.

செய்யவேண்டியது இதுதான். பொருளின் துகளை எழுதி, அதிலுள்ள அணுநிறைகளைக் கூட்டி, அந்த எண்ணைக் கிராமாக எடுத்தால் ஒரு மோல். தண்ணீர் 18 கிராம். சர்க்கரை 342 கிராம். உப்பில் மூலக்கூறு இல்லாததால் ஒரு சோடியம், ஒரு குளோரைடு என்ற ஜோடியைக் கணக்கில் எடுக்கிறோம், 23 + 35.5 = 58.5 கிராம், இதற்கு மூலக்கூறு நிறை என்று சொல்லாமல் வாய்பாட்டு நிறை என்று சொல்லவேண்டும். கையில் இருக்கும் கிராமை ஒரு மோலின் கிராமால் வகுத்தால் எத்தனை மோல் என்று வந்துவிடும். 180 கிராம் தண்ணீர் 10 மோல்.

‘ஒரு மோல் ஆக்சிஜன்’ என்று கேள்வி வந்தால் நின்று யோசியுங்கள். அணுவா, மூலக்கூறா? அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32. மறுபடியும் அதே கேள்விதான்.

சதவீதக் கணக்குக்கு யூரியா மூட்டையைப் பாருங்கள். யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன், மொத்தம் 12 + 16 + 28 + 4 = 60. நைட்ரஜன் 28. 28-ஐ 60-ஆல் வகுத்தால் 46.7 சதவீதம், மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று அச்சடித்திருப்பது இதிலிருந்துதான். 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மோனியம் சல்ஃபேட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், வாய்பாட்டு நிறை 132, நைட்ரஜன் 28, சதவீதம் 21 சொச்சம்தான்.

ஆறாம் படி: சமன்பாடு ஒரு சமையல் குறிப்பு

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு, அது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. கணக்குக்காக முழுவதும் பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம். 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து எரிந்து 8 கார்பன் டை ஆக்சைடும் 10 தண்ணீரும் தரும். பியூட்டேனில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன், ஒரு மோல் 58 கிராம். 14,200-ஐ 58-ஆல் வகுத்தால் சுமார் 245 மோல். ஒரு பியூட்டேனுக்கு 4 கார்பன் டை ஆக்சைடு, ஆக 980 மோல், ஒவ்வொன்றும் 44 கிராம், மொத்தம் 43 கிலோ! 14 கிலோவை எரித்தால் 43 கிலோ எப்படி என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள், கேட்கவேண்டிய கேள்வி அது. காற்றிலிருந்து 51 கிலோ ஆக்சிஜன் வந்து சேர்கிறது, வெளியே 43 கிலோ கார்பன் டை ஆக்சைடோடு 22 கிலோ தண்ணீரும் போகிறது, இரண்டு பக்கமும் 65 கிலோ. கணக்கை முடித்ததும் இப்படி இரண்டு பக்க நிறையையும் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் உங்கள் கையிலேயே பிடிபட்டுவிடும்.

பாதையை எப்போதும் ஒரே மாதிரி வையுங்கள்: கிராமிலிருந்து மோல், மோலிலிருந்து சமன்பாட்டு விகிதப்படி அடுத்த பொருளின் மோல், அதிலிருந்து கிராம். கிராமிலிருந்து நேராகக் கிராமுக்குத் தாவவேண்டாம்.

இரண்டு பொருள்களின் அளவையும் கொடுத்திருந்தால் எது முதலில் தீரும் என்று பார்க்கவேண்டும். ஒரு செட்டுக்கு மூன்று பூரி, ஒரு கிண்ணம் கிழங்கு. 20 பூரியும் 8 கிண்ணம் கிழங்கும் இருந்தால் ஆறு செட்தான் தரமுடியும், எண்ணிக்கையில் அதிகமாக இருந்த பூரிதான் முதலில் போதாமல் போனது. இப்போது 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும். ஹைட்ரஜன் 5 மோல், ஆக்சிஜன் 2 மோல். 2 ஹைட்ரஜனுக்கு 1 ஆக்சிஜன் என்பதால் 4 மோல் ஹைட்ரஜன்தான் செலவாகும், ஆக்சிஜன் தீர்ந்துவிடும், 72 கிராம் தண்ணீர், 2 கிராம் ஹைட்ரஜன் மீதி. கிராமைப் பார்த்து 64 அதிகம்தானே என்று நினைத்திருந்தால் தவறாகப் போயிருக்கும்.

ஏழாம் படி: கரைசலில் மறுபடியும் துகள்

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. 9-ஐ 58.5-ஆல் வகுத்தால் 0.154, அதாவது லிட்டருக்கு 0.154 மோல், இதுதான் மோலாரிட்டி. ஆனால் உப்பு தண்ணீரில் விழுந்ததும் தண்ணீர் மூலக்கூறுகள் ஒவ்வொரு அயனியையும் சூழ்ந்து பிரித்துவிடும், ஆக்சிஜன் முனை சோடியத்தைப் பார்த்தபடி, ஹைட்ரஜன் முனை குளோரைடைப் பார்த்தபடி. ஆகவே கரைசலில் மிதப்பது 0.154 மோல் சோடியம் அயனி, இன்னொரு 0.154 மோல் குளோரைடு அயனி, மொத்தம் 0.308 மோல் துகள்கள். பாட்டில் லேபிளில் 154, 308 என்ற எண்களைப் பார்த்தால் அவை இந்தக் கணக்கின் விடைகள், மில்லிமோல் அளவில் எழுதியவை. அதே 0.154 மோல் சர்க்கரையைக் கரைத்தால் துகள்கள் 0.154 மோல்தான், ஏனென்றால் சர்க்கரை கரையும்போது மூலக்கூறு மூலக்கூறாகத்தான் பிரியும், உள்ளே இருக்கும் சகப்பிணைப்பை யாரும் தொடுவதில்லை. தோசைக்கல்லில் உருகிய சர்க்கரையும் உருகாத உப்பும் தண்ணீரில் விழுந்த பிறகு வேறு வேறு கணக்காக வருவதும் இதனால்தான்.